ஆட்டிசக் குழந்தைக்கு முன்னறிவிப்பு ஏன் உதவுகிறது?

மண்டபம் கடற்கரையில் மீன் ஏலத்தின் இரைச்சலுக்கு நடுவே பாட்டியின் அருகில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் ஆட்டிசக் குழந்தை, பள்ளி மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு அலறினால், "அங்கே பயப்படாதவனுக்கு இங்கே என்ன பயம், எல்லாம் அடம்" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவதுண்டு. அது அடமன்று.

ஆட்டிசத்தை முதன்முதலில் விரிவாக விவரித்தவர்களுள் ஒருவரான லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி 1943இல் எழுதிய கட்டுரையிலேயே இந்தப் புதிரைப் பதிவு செய்திருக்கிறார்: உரத்த ஒலிக்கு மிரளும் அதே குழந்தை, தானே அதற்கு இணையான சத்தம் எழுப்பி மகிழ்கிறது. நம் மூளை, அடுத்து என்ன வரும் என்று ஓயாமல் கணித்துக்கொண்டே இருந்து, கணிப்போடு பொருந்துவதை அடக்கிவிட்டுப் பொருந்தாததையே பெரிதாக அறிவிக்கிறது. நமக்கு நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதனால்தான். தானே எழுப்பும் சத்தமும் பழகிய ஏல இரைச்சலும் குழந்தை எதிர்பார்ப்பவை, திடீரென அடிக்கும் மணி அப்படியன்று. ஆட்டிசத்தில் இந்தக் கணிப்புத்திறன் பலவீனமாக இருக்கலாம் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவன் சின்ஹா குழுவினர் 2014இல் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். அது இன்னும் முடிந்த முடிவன்று. எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரியும் அல்லர், சிலர் சத்தத்தைத் தேடியே போவார்கள். ஆயினும், எது எப்போது வரும் என்று தெரிந்தால் பதற்றம் தணிகிறது என்பது நடைமுறையில் பலரும் காண்பதே.

கடலோர வீட்டில் அப்படித் தெரிந்துவைப்பதுதான் கடினம். அப்பா கடலுக்குப் போவதும் போகாததும் காற்றைப் பொறுத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர் வீட்டிலேயே இருக்கிறார். அதே சமயத்தில் பள்ளிக்கும் கோடை விடுமுறை வந்துவிடுவதால், குழந்தைக்குப் பழகிய ஒழுங்குகள் இரண்டு ஒருசேர உடைகின்றன.

இதற்கு உதவுவது பட அட்டவணை. ஆட்டிசம் உள்ளவர்களுக்காக 1972இல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட டீச் (TEACCH) திட்டம் இத்தகைய முறைகளைப் பரவலாக்கியது. பழைய காலண்டர் அட்டையில் பல் துலக்குதல், இட்லி, பள்ளிச் சீருடை எனப் படங்களை வரிசையாக ஒட்டி, முடிந்ததைக் குழந்தையே எடுத்து ஒரு டப்பாவில் போடலாம். அப்பாவுக்குப் படகுப் படமும் வீட்டுப் படமும் போதா. "காற்றைப் பார்த்துச் சொல்வோம்" என்பதற்கும் தனியாக ஓர் அட்டை வேண்டும். என் கருத்தில் மூன்றிலும் முக்கியமானது அதுவே, ஏனெனில் உறுதியில்லாத நாளும் அதனால் குழந்தைக்கு அறிமுகமான நாளாகிறது.

பள்ளியில், மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே ஆசிரியை கடிகாரத்தைக் காட்டிச் சொல்லிவைக்கலாம். குழந்தைக்கு விருப்பமிருந்தால், மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டை அதன் கையாலேயே அடிக்கவும் விடலாம். ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் உள்ளடக்கிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் மாணவரின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்து தரவேண்டும் என்கிறது. ஆகவே பெற்றோர் இதைச் சலுகையாகக் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. காதுக்கவசத்தை மட்டும் அளவோடு பயன்படுத்த வேண்டும்: நாள் முழுவதும் மாட்டியிருந்தால் காது மேலும் கூசத் தொடங்கலாம் என்பதால், திருவிழா ஒலிபெருக்கி போன்ற நேரங்களுக்கு அதை வைத்துக்கொள்வது நல்லது.