எல்டாப் இணைப்பு: அடைவும் உடைமைப் பதிவேடும்

ஜிஎல்பிஐ, ஸ்நைப்-ஐடி போல அலுவலகக் கணினிகளைக் கணக்கு வைக்கும் மென்பொருளை நிறுவியதும், நிர்வாகிகள் பலர் முதலில் தேடுவது ‘எல்டாப் இன்டக்ரேஷன்’ என்ற அமைப்பைத்தான். யார் யார் வேலையில் இருக்கிறார்கள் என்ற விவரம் ஏற்கெனவே ஆக்டிவ் டைரக்டரி, ஓப்பன்எல்டாப் போன்ற, பயனர் பட்டியலை வைத்திருக்கும் மென்பொருளில் இருக்கும். அதை மறுபடி ஒவ்வொன்றாகத் தட்டாமல், எல்டாப் என்ற நெறிமுறை வழியாக அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. வேலை எளிதுதான், தமிழில் பெயர் சொல்லப் போனால்தான் சிக்கல்.

டைரக்டரி என்ற சொல், வழிநடத்துதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. வழிகாட்டும் நூல் என்பதே பழைய பொருள். பிறகு பெயர்களும் முகவரிகளும் கொண்ட பட்டியலுக்கு ஆகி வந்தது. 1878-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வெளியான முதல் டெலிபோன் டைரக்டரி ஒற்றை அட்டைதான். அதில் 50 பெயர்கள் இருந்தன, ஆனால் எண்கள் கிடையாது. பெயரைச் சொன்னால் இணைப்பகத்தில் இருப்பவர் இணைத்துவிடுவார்.

கணினி டைரக்டரிக்கும் தொலைபேசித் துறையோடு உறவு உண்டு. தொலைத்தொடர்புக்கான பன்னாட்டு அமைப்பு 1988-இல் டைரக்டரிகளுக்கான எக்ஸ்.500 என்ற தரநிலையை வெளியிட்டது. அதை அணுகும் நெறிமுறையின் பெயர் டாப். சாதாரண மேசைக் கணினிகள் சுமக்க முடியாத அளவுக்கு அது கனமாக இருந்தது. அதனால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹோவ்ஸ், ஸ்டீவ் கில், வெங்யிக் யோங் ஆகியோருடன் சேர்ந்து, இணையத்தின் அடிப்படை நெறிமுறையான டிசிபி/ஐபி மேல் ஓடும் எளிய வடிவம் ஒன்றை உருவாக்கினார். 1993-இல் வெளிவந்த அதுதான் எல்டாப். அதன் முழுப் பெயரான ‘லைட்வெயிட் டைரக்டரி ஆக்சஸ் புரோட்டோகால்’ என்பதில் உள்ள ‘லைட்வெயிட்’ டாப்போடு ஒப்பிட்டுச் சொன்னது. சின்ன வேலைக்கானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

தமிழில் இதற்குக் கோப்பகச் சேவை, அடைவுச் சேவை என்று இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. முதலாவது எனக்கு ஏற்பில்லை, ஏனென்றால் இதில் கோப்பே கிடையாது, இருப்பவை ஆட்கள், குழுக்கள், கணினிகள் பற்றிய பதிவுகள். அடைவு என்றாலும் பலருக்கு ஃபோல்டர்தான் நினைவுக்கு வரும். ஆனால் நூல்களின் பின்னிணைப்பில் சொல்லடைவு, பொருளடைவு என்று பார்த்திருப்போமே, தேடிக் கண்டுபிடிப்பதற்காக ஒழுங்குபடுத்திய பட்டியல், அதேதான் இங்கேயும். ஃபோல்டருக்குக் கோப்புறை என்பதை வைத்துக்கொண்டு, இதை ‘பயனர் அடைவு’ என்று சொன்னால் குழப்பம் தீரும்.

அடுத்தது, இந்த மென்பொருள் கணக்கு வைக்கும் ‘அசெட்’. ‘போதுமான’ என்ற பழைய பிரெஞ்சுச் சொல் ஆங்கிலச் சட்ட மொழிக்குள் ‘அசெட்ஸ்’ ஆனது. இறந்தவர் விட்டுச்சென்றது அவர் கடனை அடைக்கப் போதுமா என்பதுதான் அன்றைய கேள்வி. அது ஒருமைச் சொல்தான். கடைசி ‘ஸ்’ஸைப் பன்மை விகுதி என்று நினைத்து வெட்டியதில் பிறந்ததுதான் இன்றைய ‘அசெட்’. தமிழில் சொத்து என்றால் வீடும் நிலமும் முன்னால் வந்து நிற்கும். மடிக்கணினிக்கும் மானிட்டருக்கும் உடைமை பொருந்தும். அரசு அலுவலகத்தில் இருப்புப் பதிவேடு என்பார்கள். யாரிடம் எது இருக்கிறது என்பதும் சேர்வதால் ‘உடைமைப் பதிவேடு’ இன்னும் சரி.

இன்டக்ரேஷனுக்கு ஒருங்கிணைப்பு என்று எழுதுவதில் ஓர் ஏமாற்று இருக்கிறது. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாவதில்லை. பதிவேடு அடைவைப் படிக்கும், அடைவில் எதையும் எழுதாது. இணைப்பு என்றாலே போதும். இணைக்கத் தருகிற கணக்குக்கும் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்தால் போதும். அமைப்புப் பக்கத்தில் வரும் ‘பைண்ட்’ என்ற சொல்லையும் பிணைத்தல் என்று மாற்றிவிடாதீர்கள். அந்தக் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் தந்து, தான் யாரென்று அடைவுக்குக் காட்டுவது அது. புகுபதிவு என்பதே பொருள். கடவுச்சொல் போகிற வழி என்பதால், மறைகுறியாக்கம் இல்லாத 389 என்ற போர்ட் எண்ணை அப்படியே பயன்படுத்தாமல், மறைகுறியாக்கம் உள்ள 636-ஐப் பயன்படுத்துவது நல்லது.

‘பேஸ் டிஎன்’ என்பது அடைவு மரத்தில் எந்தக் கிளையிலிருந்து தேடுவது என்ற குறிப்பு. டிஎன் என்றால் அடைவில் ஒரு பதிவின் முழு முகவரி. நம் தபால் முகவரி போலவே சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடியும்: ஆள், பிரிவு, நிறுவனத்தின் டொமைன். பேஸ் டிஎன்னை ‘தேடல் வேர்’ எனலாம். அப்புறம், ஆக்டிவ் டைரக்டரி இயல்பாக ஒரு தடவைக்கு 1,000 பதிவுகள்தான் தரும். பக்கம் பக்கமாகக் கேட்கும் வசதியை இயக்காவிட்டால் மீதிப் பேர் வரமாட்டார்கள்.

ஆட்களை எதை வைத்து அடையாளம் காண்பது என்பதும் முக்கியம். பயனர் பெயரை நம்பினால், திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர் பதிவேட்டில் இரண்டு பேராகிவிடலாம். ஜிஎல்பிஐயில் இதற்கென்றே ஒத்திசைவுப் புலம் உண்டு. அதில், அடைவு ஒவ்வொருவருக்கும் தரும் மாறாத உள் அடையாள எண்ணைக் கொடுக்க வேண்டும்.

வேலையை விட்டவர் அடைவிலிருந்து காணாமல் போகும்போது பதிவேடு என்ன செய்ய வேண்டும் என்றும் ஜிஎல்பிஐ கேட்கும். தமிழில் ‘டிஸேபிள்’, ‘டிலீட்’ இரண்டுக்கும் ‘நீக்கு’ என்று எழுதிவிடுகிறோம். முன்னதற்கு முடக்கு, பின்னதற்கு அழி என்று பிரித்து எழுத வேண்டும். அவர் பெயரில் ஒரு மடிக்கணினி இன்னும் திரும்பி வராமல் இருந்தால், முடக்கிய கணக்கில் அது தெரியும். அழித்துவிட்டால் யாரிடம் கேட்பது?