நித்தியகல்யாணிய கொதிக்க வச்சு குடிக்கிறவங்க தயவுசெஞ்சு இத படிங்க

இந்த மாசம் மறுபடியும் ஒருத்தர். நிணநீர் கேன்சர், கீமோவுக்கு கழுத்துக் கட்டி நல்லாவே கரைஞ்சிட்டிருந்தது, திடீர்னு ரெண்டு சைக்கிள், அதாவது ரெண்டு தவணை கீமோவுக்கு ஆளையே காணோம், இப்ப கட்டி பழையபடி கைக்குத் தட்டுது. ஏன் வரலன்னு கேட்டா மருமகன் கட்டப்பையிலருந்து ஒரு வாட்டர் பாட்டில எடுத்து வைக்கிறார், பழுப்பு தண்ணி, அடியில வண்டல். வாசல்ல இருந்த நித்தியகல்யாணிய வேரோட புடுங்கி கொதிக்க வச்சதாம். "நீங்க ஏத்துற மருந்தே இதுலருந்துதானாமே சார், அப்புறம் எதுக்கு ஊசி?"

பாதி உண்மைங்கிறதாலதான் இந்தக் கேள்வி இவ்ளோ பேர காவு வாங்குது. ஆமா, வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின்னு ரெண்டு கீமோ மருந்தும் அந்தச் செடியிலருந்துதான் வருது, நம்ம தெக்கத்தி மாவட்டங்கள்லயே இதுக்காக பயிர் பண்றாங்க. ஆனா அந்தச் செடிக்குள்ள நூத்துக்கும் மேல ஆல்கலாய்டு, அதாவது செடியே உண்டாக்குற வீரியமான ரசாயனங்க இருக்குங்க, ஒரே ஒரு கிராம் வின்கிறிஸ்டின் பிரிச்செடுக்க காஞ்ச இலை நூத்துக்கணக்கான கிலோ வேணும், அப்ப உங்க பாட்டில்ல எது எவ்ளோ இருக்குன்னு யாரு சொல்றது? இருந்தாலும் வாய் வழியா போனா உடம்புல ஒழுங்கா சேராது, அதான் நரம்புல ஏத்துறோம். அதுவும் உயரம், எடை பாத்து உடம்போட பரப்பளவுல சதுர மீட்டருக்கு 1.4 மில்லிகிராம்னு கணக்கு போட்டு, பெரியவங்களுக்கு பொதுவா ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமத் தாண்ட மாட்டோம். அந்த அளவுக்கே விரல் மரத்துப்போய் சட்டை பட்டன் போட முடியல டாக்டர்னு வர்றாங்க.

இந்த மருந்து கெடச்ச கதையே இதுக்கு பதில். 1950கள்ல கனடாவுல ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர்னு ரெண்டு பேர் சுகர் குறையுதான்னு பாக்க இந்த இலைச்சாற எலிக்கு குடுத்தாங்க. வாய் வழியா குடுத்தப்ப சுகர் அசையவே இல்ல. ஊசியா போட்டப்ப கிருமிய எதிர்க்கிற வெள்ளையணு சரிஞ்சு எலியெல்லாம் இன்ஃபெக்‌ஷன்ல செத்துச்சு, அதப் பாத்துதான் ரத்தப் புற்றுக்கு ஆகுமான்னு யோசிச்சாங்க. கீமோல ஏற்கனவே வெள்ளையணு கொறஞ்சு கெடக்குறவங்களுக்கு அளவே தெரியாத கஷாயத்த ஊத்துறீங்களே, என்ன தைரியம்!

கேன்சருக்குன்னு முள் சீத்தா இலையும் வேணாம், அதுல இருக்குற அனோனாசின்ங்கிற பொருள் நரம்பு செல்லுக்கு ஆகாது. ஆப்ரிகாட் கொட்ட உள்ள போனா சயனைடா மாறும், தொடவே தொடாதீங்க. கொழம்புல மஞ்சள் தாராளமா போடுங்க, மஞ்சள்ல செஞ்ச மாத்திரைன்னா டாக்டர்ட்ட கேட்டுட்டு போடுங்க.

இப்ப குடிச்சிட்டிருந்தா இன்னைக்கே நிறுத்துங்க, டாக்டர்ட்ட மறைக்காதீங்க, பாட்டிலோடயே வாங்க, திட்ட மாட்டோம். கீமோ நடக்குறப்ப காய்ச்சல் 100.4 தொட்டா மாத்திரைய போட்டுட்டு விடியட்டும்னு படுக்காதீங்க, ராத்திரியே கெளம்புங்க. நடுவுல விட்டுட்டுப் போனவங்களும் கூச்சப்படாம வாங்க, ஸ்கேன் எடுத்துப் பாத்து மறுபடி ஆரம்பிக்கலாம், ஆனா அடுத்த வாரம், பண்டிகை முடியட்டும்னு தள்ளாதீங்க.