ரிவெர்ப்: எதிரொலி அல்ல, எதிர்முழக்கம்

பதிவுசெய்த ஒலியை மாற்றும் பல எஃபெக்ட்டுகளை ஒரே இடத்தில் அடுக்கித் தரும் பிளகின் (ஒலித்தொகுப்பு மென்பொருளோடு சேரும் துணைநிரல்) எதைத் திறந்தாலும் டிலே தனியாக, ரிவெர்ப் தனியாக இருக்கும். தமிழில் எழுதும்போது மட்டும் இரண்டையும் ‘எதிரொலி’ என்று எழுதிவிடுகிறோம். இது எனக்கு நெடுநாள் உறுத்தல்.

மேசைமேல் சாவிக்கொத்தைப் போட்டுப் பதிவுசெய்த சத்தத்தை அப்படி ஒரு பிளகினுக்குள் விட்டுப் பார்த்தேன். டிலேயை 400 மில்லிசெகண்டில் வைத்ததும் ‘சலங்… சலங்… சலங்’ என்று அதே சாவி திரும்பத் திரும்ப விழுந்தது. எத்தனை தடவை என்று எண்ணிவிடலாம். அது எதிரொலி. அப்புறம் டிலேயை அணைத்துவிட்டு ரிவெர்பைப் போட்டேன். சாவி ஒரு தடவைதான் விழுந்தது. ஆனால் அந்தச் சத்தம் ஒரு பெரிய மண்டபம் முழுக்கப் பரவி மெல்ல மெல்லத் தேய்ந்தது. சுவர், தரை, கூரை என்று பட்டுத் திரும்பும் ஒலிகள் காதால் பிரிக்க முடியாதபடி நெருங்கி வந்து ஒன்றாகிவிடுகின்றன.

ரிவெர்ப் என்பது ரிவெர்பரேஷனின் சுருக்கம். மூலம் லத்தீனின் ‘ரெவெர்பெராரே’, அதாவது திருப்பி அடித்தல். உள்ளே இருக்கும் ‘வெர்பெர்’ என்ற சொல்லுக்குச் சாட்டை என்று பொருள்.

தமிழில் ‘எதிர்முழக்கம்’ என்ற சொல் இயற்பியல் நூல்களில் ஏற்கெனவே இருக்கிறது. லத்தீனைவிட இது பொருத்தம் என்பேன். லத்தீன் அடியைச் சொல்கிறது. தமிழ் காதில் விழுவதைச் சொல்கிறது. முரசு முழங்கும், இடி முழங்கும் என்கிறோம். இடத்தை நிறைத்து, சட்டென்று அடங்காமல் நிற்கும் ஓசைக்கே அந்த வினை. ஒலி 60 டெசிபல் குறைய எடுக்கும் நேரம் ‘எதிர்முழக்க நேரம்’. 1890களில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் வாலஸ் சபைன் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அரங்கில் அடுக்கி, இந்த நேரம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். பிளகினில் ‘டிகே’ (decay) என்று இருக்கும் குமிழும் ஏறத்தாழ இதைத்தான் மாற்றுகிறது. அதைத் ‘தேய்வு’ என்றால் போதும்.

ஒலியைச் சிதைக்கும் எஃபெக்ட்டான டிஸ்டார்ஷனை ரிவெர்புக்கு முன்னால் வைத்தபோது சாவி கரகரத்தது. பின்னால் வைத்தபோது மண்டபமே கரகரத்தது. அந்த முழக்கத்தின் வாலை மட்டும் வெட்டி, வேகத்தைப் பாதியாக்கினேன். தூரத்தில் ஓர் இரும்புக் கதவு உறுமுவதுபோல ஒரு சத்தம் கிடைத்தது. ‘எதிர்முழக்கம் 1’ என்று பெயர் வைத்துச் சேமித்திருக்கிறேன்.