பொத்தானைத் திருப்பிப் பாருங்கள்

சிங்கப்பூரின் செம்பவாங் பூங்காவை ஒட்டிய கடற்கரையில், உரிய அனுமதியோடு மெட்டல் டிடெக்டர் கொண்டு தேடிவரும் பெரியவர் ஒருவர், பச்சை படிந்த உலோகப் பொத்தான் ஒன்றை அண்மையில் என்னிடம் கொண்டுவந்தார். அவருடைய தந்தை அங்கிருந்த கடற்படைத் தளத்துக் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். “நங்கூரம் தெரியுது பாருங்க தம்பி, கடற்படைப் பொத்தான்தானே?” என்று கேட்டார். ஒரு பொத்தானை அடையாளம் காண உதவும் சான்றுகளில் மிகவும் பலவீனமானது அந்த நங்கூரம்தான் என்பதால், அவருக்கு ஒரே சொல்லில் விடை சொல்ல முடியவில்லை.

கருவி எதைக் கண்டுபிடிக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. அதன் அடியில் உள்ள கம்பிச்சுருள் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் செலுத்துகிறது. அந்தப் புலத்தில் உலோகம் அகப்பட்டால் அதற்குள் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அந்த மின்னோட்டம் உண்டாக்கும் சிறிய எதிர்ப்புலத்தை இன்னொரு கம்பிச்சுருள் உணர்கிறது. எதிர்ப்புலம் எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதைக் கொண்டு, உலோகம் மின்சாரத்தை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறது என்பதைக் கருவி ஊகித்து ஓர் எண்ணாகக் காட்டும். குளிர்பான டின்னின் அலுமினிய வளையமும் சிறிய பித்தளைப் பொத்தானும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டக்கூடும். ஈர மணலில் உள்ள உப்புநீரும் மின்சாரத்தைக் கடத்துவதால் கருவி இன்னும் குழம்பும். எனவே கருவி தோண்ட வேண்டிய இடத்தைத்தான் சொல்கிறது. பொருள் என்ன என்பதைக் கண்ணும் கையும்தான் சொல்ல வேண்டும்.

பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளுக்குச் சீருடை 1748-இல் வந்தது; கயிறு சுற்றிய நங்கூரம் 1774-இல் அவர்களுடைய பொத்தானில் இடம்பெற்றது; அதன்மேல் மகுடம் 1812-இல் சேர்ந்தது. அதே நங்கூரத்தை வணிகக் கப்பல் நிறுவனங்களும், படகு மன்றங்களும், துறைமுக ஊழியர்களின் சீருடைகளும் எடுத்துக்கொண்டன. இளவரசர் ஆல்பர்ட் எட்வர்டைச் சிறுவனாக மாலுமி உடையில் காட்டும் 1846-ஆம் ஆண்டு ஓவியத்திற்குப் பிறகு, கடலைக் கண்டிராத குழந்தைகளின் சட்டைகளிலும் அது ஏறியது. இன்று கடைகளில் தொங்கும் நீலக் கோட்டுகளிலும் அது இருக்கிறது. ஆகவே மகுடம் இல்லாத வெறும் நங்கூரத்தைக் கண்டதும் கடற்படை என்று முடிவு கட்டுவது தவறு. நங்கூரத்தோடு செர்ரிப் பூ இருந்தால் ஜப்பானியப் பேரரசின் கடற்படையை நினைக்க வேண்டும். 1942 பிப்ரவரி முதல் 1945 செப்டம்பர் வரை அது இந்தத் தீவில் இருந்தது. மகுடத்தை ஏந்தி நிற்கும் சிங்கமோ கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம்.

என் அனுபவத்தில் பொத்தானின் முதுகுதான் நம்பத்தக்க சாட்சி. முகப்பைப் பார்த்து நகல் எடுக்கலாம். முதுகில் தொழில்நுட்பத்தின் காலம் பதிந்திருக்கிறது. ஒரே தட்டையான உலோகத் தகடாக இருந்து, பின்னால் கம்பி வளையம் ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டையோ 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது. முன்னே ஒரு மெல்லிய தகடு, பின்னே ஒரு தகடு, இரண்டின் விளிம்பையும் மடித்து இறுக்கி உள்ளே காலி இடம் விட்ட அமைப்பு என்றால், அது பெஞ்சமின் சாண்டர்ஸ் 1813-இல் காப்புரிமை பெற்ற முறையின் வழிவந்தது. முதுகில் எழுத்து இருந்தால் கணக்கு இன்னும் நெருங்கும். ‘லிமிடெட்’ என்ற சொல் இருந்தால், பிரிட்டனில் வரையறுத்த பொறுப்பு நிறுவனங்களுக்கு வழிவிட்ட 1855-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முந்தியதாக அது இருக்க முடியாது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று இருந்தால், பிறந்த நாட்டைப் பொருளின்மேல் குறிக்கும் வழக்கத்தை ஊக்கிய 1887-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்திற்குப் பிந்தியது என்று கொள்ளலாம். ஃபர்மின் போன்ற பழைய பொத்தான் நிறுவனங்கள் தங்கள் பெயரையும் லண்டன் முகவரியையும் முதுகில் பொறித்தன. பெயரும் முகவரியும் மாறிய ஆண்டுகளைக் கொண்டு காலத்தைச் சில பத்தாண்டுகளுக்குள் அடக்கிவிடலாம். அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும்: பொத்தான் தொழிலில் ஓர் அங்குலம் 40 லைன், 36 லைன் என்றால் சுமார் 23 மில்லிமீட்டர், அது கோட்டின் முன்பக்கத்துக்குரியது, 24 லைன் என்றால் சுமார் 15 மில்லிமீட்டர், பெரும்பாலும் கைமுனைக்கோ தொப்பிப் பட்டைக்கோ உரியது.

பெரியவர் கொண்டுவந்த பொத்தான் 23 மில்லிமீட்டர். இரண்டு தகடுகளால் ஆனது. அதன் முதுகில் உள்ள காதுக்குள் சாவிவளையம் போன்ற சிறு பித்தளை வளையம் ஒன்று இன்னும் மாட்டியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்த தடயம் அதுதான். வெப்ப நாடுகளில் அணிந்த வெள்ளைச் சீருடை அடிக்கடி சலவைக்குப் போகும்; தோபி அதைத் துவைத்துக் கஞ்சிபோடும்போது பொத்தான்கள் கெடாமல் இருக்க, அவற்றைத் தைக்காமல் துளைவழியே செருகி, உட்புறம் வளையத்தால் பூட்டிவைப்பார்கள். வளையம் தளர்ந்தால் பொத்தான் விழுந்துவிடும். ஆகவே வளையத்தோடு கிடைக்கும் பொத்தான், நீலக் கம்பளிக் கோட்டைவிட இந்த ஊரின் வெயிலுக்கு அணிந்த வெள்ளை உடுப்பிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்தது மகுடம். 1901 முதல் 1952 வரை ஆண்ட மன்னர்களின் காலத்து மகுடத்தில் வளைவுகள் கவிகை போல மேல்நோக்கி உருண்டிருக்கும். இரண்டாம் எலிசபெத் அரசியின் மகுடத்தில் அவை நடுவில் சற்றுத் தாழ்ந்து, இரு தோள்கள் உயர்ந்தாற்போல் தெரியும். செம்பவாங் கடற்படைத் தளம் 1938 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பிரிட்டிஷ் படைகள் 1971-இல் விலகின. அந்த 33 ஆண்டுகளையும் மகுடத்தின் வளைவு ஏறக்குறைய நடுவில் பிரித்துவிடுகிறது. பெரியவரின் பொத்தானில் கவிகை மகுடம் இருந்தது. பழைய இருப்பு உடனே தீர்ந்துவிடாது என்பதால் 1952-க்குப் பின்னும் சில காலம் அதை அணிந்திருக்கலாம். அந்த இடைவெளியை விட்டுவைத்துத்தான் எழுத வேண்டும்.

கிடைத்த இடமும் ஒரு சான்று, ஆனால் எல்லா இடமும் ஒன்றல்ல. செம்பவாங்கில் இருப்பது இயற்கையான கரை. கடற்படையின் மூத்த அதிகாரிகள் தங்கிய பியூலி மாளிகை இன்றும் அந்தப் பூங்காவில் நிற்கிறது. அதே பொத்தான் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கிடைத்தால் நான் எதையும் உறுதியாகச் சொல்லமாட்டேன். 1966-இல் தொடங்கிய நில மீட்புப் பணியில் பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணால் கடலைத் தூர்த்த நிலம் அது. அங்குள்ள பொருள் குன்றிலிருந்தும் வந்திருக்கலாம், போன ஆண்டு உலாவ வந்தவருடைய கோட்டிலிருந்தும் விழுந்திருக்கலாம். தோண்டும்போது உருளையாகவோ கனமாகவோ எதுவும் தென்பட்டால் தொடாமல் விலகிக் காவல்துறையை அழைக்க வேண்டும். 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில் 100 கிலோ எடையுள்ள போர்க்காலக் குண்டு ஒன்று கிடைத்து, அங்கேயே வெடிக்கவைக்கப்பட்டது.

பொத்தானைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கலாமா என்று பெரியவர் கேட்டார். குத்துவிளக்குக்கு அது பொருந்தும். இதற்குக் கூடவே கூடாது. 1796-இல் பிரிட்டன் இயற்றிய சட்டப்படி ‘கில்ட்’, அதாவது பொன் பூசியது, என்று விற்கும் ஓரங்குலப் பொத்தான்கள் 144-க்குக் குறைந்தது 5 கிரெய்ன் (பழைய சிறு எடை அளவு) தங்கம் பூச வேண்டும். அதாவது ஒன்றுக்குச் சுமார் 2 மில்லிகிராம். முகப்பு முழுதும் பரப்பினால் அதன் தடிமன் ஒரு மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், கால் பங்கைக்கூடத் தொடாது. 1840-க்குப் பின் பரவிய மின்முலாமும் மெல்லியதுதான். அழுத்தித் தேய்த்தால் பச்சையோடு பொன்னும் போய்விடும். பொன் துருப்பிடிப்பதில்லை, ஆனால் அதன் நுண்துளைகள் வழியே உப்பு அடியிலுள்ள செம்பை எட்டுகிறது. அங்கு உருவாகும் செம்புக் குளோரைடு காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்க, அந்த அமிலம் மேலும் செம்பைத் தின்கிறது. வெளிர்பச்சைப் பொடியாக உதிரும் இதை வெண்கல நோய் என்பார்கள். நம் ஊரின் ஈரக்காற்று அதற்கு ஏற்ற சூழல். செய்ய வேண்டியது எளிது: காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, பல வாரங்கள் நீரை மாற்றிக்கொண்டே உப்பை வெளியேற்றி, நன்கு உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைக்க வேண்டும்.

பெரியவரின் பொத்தான் இப்போது என் மேசையில் மூன்றாம் வார நீரில் கிடக்கிறது. டப்பாவில் ஒட்ட அவர் தம் கையால் எழுதிக்கொடுத்த சீட்டும் பக்கத்தில் இருக்கிறது: “செம்பவாங் கரை, ஓதம் வற்றிய மணல், ஒரு சாண் ஆழம், பொத்தான் காதில் வளையத்துடன்.”