மாலையைக் கழற்றிய பிறகு வரும் முதல் சிகரெட்

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் நுரையீரல் சிகிச்சைப் பிரிவின் வரிசையில் கறுப்பு வேட்டிகள் தெரிய ஆரம்பிக்கும். கழுத்தில் துளசி மாலை, நெஞ்சில் விடாத இருமல். மாலை போட்டவரை நானும் “சாமி” என்றுதான் கூப்பிடுவேன். “சாமி, சிகரெட் எத்தனை?” என்று கேட்டால் பதில் சட்டென்று வரும். “மாலை போட்டதிலேர்ந்து ஒண்ணுகூட இல்ல சாமி. அந்த நெனப்பே வர்றதில்ல.” ஐப்பசி வரை நாளுக்கு ஒரு பாக்கெட் ஊதியவர் சொல்வது இது. மாத்திரை கிடையாது, கவுன்சலிங் கிடையாது. 41 நாள் சுத்தமாக இருப்பார். தை மாதம் மறுபடி பரிசோதனைக்கு வரும்போது சட்டைப் பையில் தீப்பெட்டி இருக்கும். ரம்ஜான் நோன்பிலும் தவக்காலத்திலும் இதையே வேறு வேறு அளவில் பார்க்கிறேன்.

புகையை விடச் சொல்லி எழுதும்போது அழுகிய நுரையீரல் படத்தைக் காட்டிப் பயமுறுத்துவது வழக்கம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 2016-லிருந்து பாக்கெட்டில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் பாதிப் பேர் பாக்கெட்டே வாங்குவதில்லை; பெட்டிக்கடையில் ஒன்று ஒன்றாக வாங்கி, அங்கேயே தொங்கும் லைட்டரில் பற்ற வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். படத்தைப் பார்ப்பது கடைக்காரர் மட்டும்தான். அப்படியே பயம் வந்தாலும் அது ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. ஸ்டென்ட் வைத்து டிஸ்சார்ஜ் ஆனவர்களே திரும்பப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறோம்.

அதனால் மாலை போட்டவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்வது உபயோகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். விடுவதற்கான தெம்பு அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவரிடம் இல்லாதது, 42-ஆம் நாளுக்கான ஏற்பாடு.

உடம்பின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். புகையை இழுத்த பத்திருபது நொடிகளில் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடும். ரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகும். அதனால்தான் மனசு அடிக்கடி கடைப்பக்கம் இழுக்கிறது. நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, கவனம் நிற்காமை எல்லாம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியானால் 41 நாள் தாண்டியவருக்கு உடம்பின் பாக்கி பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. மலைக்குப் போய்வந்து பிடித்த முதல் சிகரெட் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். “தலை சுத்திடுச்சு சார், குமட்டிக்கிட்டு வந்துச்சு” என்பார்கள். பழக்கம் விட்டுப்போன உடம்பு அப்படித்தான் சொல்லும். அந்தத் தலைசுற்றலையும் தாண்டி இரண்டாவதைப் பற்ற வைக்க அவர் கஷ்டப்பட வேண்டியிருக்கிறது. அப்புறமும் ஏன் பற்ற வைக்கிறார்?

அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி: மாலை போட்டிருந்தபோது ஏன் அந்த நினைப்பே வரவில்லை? இஸ்ரேலில் புகைப்பிடிக்கும் விமானப் பணிப்பெண்களையும் பணியாளர்களையும் வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2010-இல் வெளியானது. குறுகிய தூர விமானத்திலும் பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்கும் விமானத்திலும் அவர்களுக்கு எப்போது ஆசை எழுகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். கடைசியாகப் பிடித்து எத்தனை மணி நேரம் ஆனது என்பதைவிட, தரையிறங்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஆசை ஏறியது. குறுகிய விமானம் இறங்கும்போது ஆசை தலைக்கேறியது. அதே நேரத்தில் நீண்ட விமானத்தில் இருந்தவர்கள் அவ்வளவு தவிக்கவில்லை. இன்னும் இறங்கப் போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

மாலையும் அதையே செய்கிறது. ‘பிடிக்கலாமா, வேண்டாமா’ என்ற பேரமே அங்கே கிடையாது. பேரம் இல்லாத இடத்தில் ஆசை வலுப்பதில்லை. ஆனால் விரதத்துக்கு முடிவு தேதி உண்டு. 38, 39-ஆம் நாளிலேயே மனசு இறங்கத் தயாராகிவிடுகிறது.

இப்போது என்னிடம் வருபவர்களிடம் “ஏன் விடணும்னு நினைக்கிறீங்க?” என்று கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். பிள்ளைகள், செலவு, மூச்சுத்திணறல் என்று எல்லாருக்கும் நல்ல காரணங்கள் இருக்கின்றன. அதற்குப் பதில், “போன தடவை விட்டுட்டு, திரும்ப முதல் சிகரெட் எங்கே பிடிச்சீங்க? பக்கத்துல யார் இருந்தா? கையில் என்ன இருந்துச்சு?” என்று கேட்கிறேன். ஓர் ஆட்டோ ஓட்டும் அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஸ்டாண்டுல டீ சார். மாப்பிள ஒருத்தன் பத்த வச்சுப் பாதியை நீட்டினான். டீ கையில இருந்துச்சா, இன்னொரு கை தன்னால போயிருச்சு.” எந்த ஸ்கேனும் சொல்லாத விவரம் இது. இதிலிருந்துதான் வைத்தியத்தைத் தொடங்க வேண்டும்.

வீட்டிலிருக்கும் பாக்கெட்டையும் ஆஷ்ட்ரேயையும் தூக்கிப் போடுங்கள் என்று புத்தகங்களில் எழுதியிருக்கும். சில்லறையாக வாங்குபவருக்கு அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் தூக்கிப் போட வேண்டியது டீக்கடையை. அதாவது முதல் ஒரு மாதத்துக்கு. அந்த அண்ணனிடம் ஃபிளாஸ்க்கில் வீட்டு டீயை எடுத்துப்போய் வண்டிக்குள் உட்கார்ந்தே குடிக்கச் சொன்னேன். பாதி சிகரெட்டை நீட்டும் மாப்பிள்ளையிடம், நிறுத்தக் குறித்த தேதி வருவதற்கு முன்பே, “இனி எனக்கு நீட்டாதே” என்று ஒரு வார்த்தை சொல்லிவைக்கச் சொன்னேன். நீட்டிய பிறகு மறுப்பது கஷ்டம். முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அவரே அடுத்தவரைத் தடுப்பார். மாலை போட்ட ஒருவருக்கு யாராவது சிகரெட் நீட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா, ஒரேயடியாக விடுவதா என்று எல்லாரும் கேட்பார்கள். 2016-இல் இங்கிலாந்தில் சுமார் 700 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். நான்கு வாரம் கழித்து, ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 சதவீதம் பேரும், குறைத்துக் குறைத்து நிறுத்தியவர்களில் 39 சதவீதம் பேரும் பிடிக்காமல் இருந்தார்கள். ஒரு தேதியைக் குறித்து அன்றோடு முடிப்பதே மேல். “ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணுதான்” என்பதில் ஏமாற வேண்டாம். நாளுக்கு ஒன்று பிடிப்பவருக்கு வரும் கூடுதல் மாரடைப்பு ஆபத்து, நாளுக்கு 20 பிடிப்பவருக்கு இருப்பதில் கிட்டத்தட்டப் பாதி. இருபதில் ஒரு பங்குதான் என்று மனசு கணக்குப் போடும். இதயத்தின் கணக்கு வேறு.

மருந்து விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நல்ல மருந்து தப்பாகப் பயன்படுத்தப்பட்டு வீணாகப் போவது இங்கேதான் அதிகம்.

காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்பதுதான் நான் பார்க்கும் முக்கியமான அளவுகோல். அரை மணி நேரத்துக்குள் என்றால் நிக்கோட்டின் பிடி பலமாக இருக்கிறது. வைராக்கியத்தை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. நிக்கோட்டின் சூயிங்கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவில் வருகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு 4 தேவைப்படும். டாக்டரைக் கேட்டு வாங்குங்கள். பேர்தான் சூயிங்கம், பபிள்கம் மாதிரி அரைத்துத் தள்ளக் கூடாது. மெதுவாக நாலைந்து கடி. காரமாக, விறுவிறுவென்று ஒரு சுவை வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். விறுவிறுப்பு போனதும் மறுபடி கடித்து வேறு பக்கம் ஒதுக்குங்கள். இப்படி அரை மணி நேரம். நிக்கோட்டின் ஏறுவது வாயின் உள்தோல் வழியாக. எச்சிலோடு விழுங்கினால் விக்கலும் நெஞ்சுக்கரிப்பும்தான் மிச்சம். “நமக்கு ஒத்துக்கல சார்” என்று பாதி அட்டையைத் திருப்பிக் கொண்டுவருபவர்களில் பலர் இதை விழுங்கியவர்கள்தான். டீ, காபி, ஜூஸ் குடித்தால் கால் மணி நேரம் கழித்துத்தான் வாயில் போட வேண்டும். நாளுக்கு ஒன்றோ இரண்டோ போட்டால் போதாது. ஆரம்ப வாரங்களில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று ஆசை எழும் முன்பே போட்டுக்கொண்டிருக்க வேண்டும். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச்சோடு சேர்த்துப் போட்டால் பலன் இன்னும் அதிகம்.

“நிக்கோட்டினை விடுறதுக்கு நிக்கோட்டினா?” என்று கேட்பவர்களுக்கு: புற்றுநோயைக் கொண்டுவருவது முக்கியமாக எரியும் புகையிலுள்ள மற்ற நச்சுகள். சூயிங்கத்தில் புகை இல்லை. நிக்கோட்டினும் மெல்ல மெல்லத்தான் ஏறும். மூன்று மாதத்தில் அதையும் குறைத்து நிறுத்திவிடலாம்.

வரெனிக்ளின் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. நிக்கோட்டின் போய் உட்காரும் இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். தவிப்பும் குறையும், பிடித்தால் கிடைக்கும் சுகமும் குறையும். நிறுத்தும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்து 12 வாரம் சாப்பிட வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு எடுத்தால் குமட்டல் அவ்வளவாக இருக்காது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு மாறும் என்பதால் மெடிக்கலில் நீங்களாக வாங்க வேண்டாம். வேப் (இ-சிகரெட்) வழியாக விடலாமா என்றும் இளைஞர்கள் கேட்கிறார்கள். 2019-லிருந்து இந்தியாவில் அதன் விற்பனையே தடை. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. புகையை விட்டுவிட்டு உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் அடக்குவதையும் விட்டதாகக் கணக்கில் எடுக்க முடியாது.

இனி, யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பலரைத் திரும்பப் பிடிக்க வைக்கும் சில தொல்லைகள். முதலாவது இருமல். விட்ட சில வாரங்களுக்குச் சளியும் இருமலும் கூடலாம். புகையால் முடங்கிக் கிடந்த மூச்சுக்குழாய் நுண்மயிர்கள் மறுபடி வேலை செய்து அழுக்கை மேலே தள்ளுகின்றன. “பிடிச்சப்ப நல்லா இருந்தேன், விட்டப்புறம்தான் நோய் வந்துச்சு” என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே திரும்பியவர்கள் உண்டு. ரத்தம் வந்தாலோ, எடை குறைந்தாலோ, ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ வந்து காட்டுங்கள்.

இரண்டாவது, சொல்லக் கூச்சப்படும் சமாச்சாரம். “சிகரெட் பிடிச்சாதான் சார் காலையில மோஷன் போகும்.” கற்பனை இல்லை. நிக்கோட்டின் குடலை முடுக்கிவிடும் என்பது உண்மை. நிறுத்தினால் சிலருக்கு மலச்சிக்கல் வரும். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், ராத்திரி வாழைப்பழம், மதியம் கீரை. தேவைப்பட்டால் சில நாளுக்கு இசப்கோல். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் குடல் பழகிவிடும். காலை சிகரெட்டை விட முடியாமல் தவிப்பவர்களில் எத்தனையோ பேருக்கு இந்த ஒரு முடிச்சை அவிழ்த்தாலே போதும்.

மூன்றாவது காபி. புகையிலுள்ள சில பொருட்கள் ஈரலை முடுக்கி, காஃபினைச் சீக்கிரம் கரைக்க வைக்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் போய்விடும். அதே நாலு காபி உடம்பில் அதிக நேரம் தங்கும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. இதையெல்லாம் சிகரெட் இல்லாத குறை என்று நினைத்துத் திரும்பப் பற்ற வைப்பார்கள். காபியைப் பாதியாக்கிப் பாருங்கள். வீசிங்குக்காகத் தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுபவர்கள் புகையை விடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்தத்தில் அதன் அளவும் இப்படியே ஏறும். அது படபடப்போடு நிற்காது.

எடை நாலைந்து கிலோ கூடலாம். கூடட்டும், நடந்து குறைத்துக்கொள்ளலாம்.

“முப்பது வருஷமா பிடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?” என்பவருக்கு என்னிடம் பதில் இருக்கிறது. பிரிட்டனில் டாக்டர்களையே 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டால் குழுவின் முடிவு 2004-இல் வந்தது. 30 வயதில் விட்டவர்களுக்கு, தொடர்ந்து பிடித்தவர்களைவிடச் சுமார் 10 ஆண்டு ஆயுள் கூடுதல். 40-இல் விட்டால் 9, 50-இல் 6. அறுபதில் விட்டவர்களுக்கும் 3 ஆண்டு. மூன்று ஆண்டு என்றால் பேத்தி பள்ளிக்கூடம் போவதைப் பார்க்கலாம். கெட்டுப்போன நுரையீரல் பழையபடி ஆகாது. இனி கெடும் வேகம் குறையும். படியேறும்போது வித்தியாசம் தெரியும்.

தேதி குறிக்கும்போது “இனி ஆயுசுக்கும் கிடையாது” என்று நினைத்தால் சிலருக்கு மலைப்பாக இருக்கும். அவர்களிடம், அடுத்த முறை மாலை போடும்போது குருசாமியிடம் ஒன்றைக் கூடுதலாகக் கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன்: மாலையைக் கழற்றினாலும் இந்த ஒரு விரதம் மட்டும் தொடரட்டும் என்று. சாமி நம்பிக்கை இல்லாதவர்கள் மகளிடமோ மனைவியிடமோ சொல்லலாம். யாரிடம் சொல்கிறோம் என்பதைவிட முடிவு தேதி இல்லாமல் சொல்வதுதான் முக்கியம்.

அப்படியும் ஒரு நாள் சறுக்கும். பெரும்பாலும் துக்க வீடாக இருக்கும், இல்லையென்றால் பழைய நண்பர்களோடு ஒரு ராத்திரி. ஒன்று பிடித்துவிட்டால் “எல்லாம் போச்சு” என்று பாக்கெட் வாங்கப் போகாதீர்கள். அந்த ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, எங்கே, யாரோடு என்று எழுதி வைத்துக்கொண்டு, மருந்தை நிறுத்தாமல் மறுநாளே டாக்டரிடமோ, 1800-11-2356 என்ற இலவச எண்ணிலோ பேசுங்கள். புகையிலையை விடுவதற்கு உதவும் தேசியச் சேவை எண் அது. பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கிறது. சில்லறையாக வாங்குபவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.