லூப் கோணினால் முதலில் நூலைப் பாருங்கள்

"கை சரியாத்தான் போகுது சார், யோயோதான் கோணிக்கிட்டு வருது." யோயோவைக் கையில் பிடிக்காமல் தொடர்ந்து முன்னால் வீசும் லூப்பிங்கைக் கற்க வருபவர்கள் அடிக்கடி சொல்வது இது. சாக்கு என்றுதான் முன்பெல்லாம் நினைப்பேன். இப்போது முதலில் யோயோவை வாங்கி, நூலை விரலால் உருவிப் பார்க்கிறேன்.

லூப்பிங்கில் யோயோ கையில் வந்து உட்காருவதில்லை. மணிக்கட்டை ஒட்டித் திரும்பி மறுபடி முன்னால் பாய்கிறது. நூல் தளரும் அந்த ஒரு கணத்தில் யோயோவின் இரு பாதிகளின் உள்சுவர்கள் அதைப் பிடித்துச் சுற்றிக்கொள்ள வேண்டும். நூல் மெலிந்து அந்தச் சுவர்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி அகலமாக இருந்தால் பிடி நழுவும். பாதி சுற்றிய யோயோ சோர்ந்துபோய் வரும். நூல் தடித்து இடைவெளி குறுகினால் வெடுக்கென்று கவ்வி ஒரு பக்கமாகச் சாயும். இரண்டுக்கும் மணிக்கட்டைத் திட்டிப் பயனில்லை.

நானே இதில் அடி வாங்கியவன். ஒரு யோயோ திரும்ப மறுத்தது. இடைவெளியைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன், ஓடியது. சில நாள் கழித்து நூல் மாற்றினேன். முதல் வீச்சிலேயே இழுக்காமலே எகிறி வந்து விரல் முட்டியில் அடித்தது. தவறு இடைவெளியில் இல்லை. தேய்ந்து மெலிந்த பழைய நூலுக்குத் தக்கபடி அதை அமைத்திருந்தேன், அவ்வளவுதான்.

ஆகவே நூலை மாற்றிய பிறகே இடைவெளியைத் தொடுங்கள். அதுவும் உடனே வேண்டாம். புது நூல், அதிலும் பருத்தி கலந்தது, பஞ்சுபோல் உப்பியிருக்கும். கொஞ்ச நேரம் வீசி அது படிந்த பிறகு சோதியுங்கள்: மெதுவாகக் கீழே வீசினால் சில நொடி அடியில் சுழல வேண்டும், லேசாகச் சுண்டினால் உள்ளங்கை வரை வந்து இறுக்கமாக உட்கார வேண்டும். பாதியில் நின்றால் ஒரு படி தடித்த நூல். தானாக ஏறினால் மெல்லியது. அதற்கும் மசியாவிட்டால்தான் இடைவெளி.

திருகி மாற்றும் வகை என்றால் மிகச் சிறிய திருப்பாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் வீசிப் பாருங்கள். நடுவில் சில்லு (மெல்லிய வட்டத் தகடு) வைத்து இடைவெளியை மாற்றும் வகையில் இருபுறமும் ஒரே தடிமன் இருக்கட்டும். முரட்டுத்தனமாக இறுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். நான் காகிதத்தால் அளக்கிறேன். சாதாரண அச்சுத்தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. நூலைக் கழற்றிவிட்டு, சிறு துண்டுகளை அடுக்கி, எத்தனை தாள் வழுக்கிக்கொண்டு நுழைகிறது என்று எண்ணிக் குறித்துவைப்பேன். இரு கையிலும் ஆடுபவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன். இரு யோயோக்களின் இடைவெளியும் ஒத்துப்போகாமல் தாளம் வராது.

அப்புறம் முறுக்கு. தொடர்ந்து லூப் போடும்போது ஒரு கையின் நூல் முறுக்கு தளரும், மறு கையில் ஏறும். தளர்ந்த நூல் பருத்துப் பிரிந்து, அதே இடைவெளியிலும் சிக்கும். ஆட்டத்துக்கு நடுவில் திடீரென்று கோணத் தொடங்கினால் பெரும்பாலும் இதுதான். விரலிலிருந்து நூலைக் கழற்றி யோயோவைத் தொங்கவிடுங்கள். தானே சுழன்று சமனாகும்.

உருவும்போது சொரசொரப்பாக இழை பிரிந்து தெரிகிறதா? "இன்னும் ரெண்டு நாள் ஓடட்டும்" என்று விடாதீர்கள். லூப்பிங்கில் யோயோ முகத்துக்கு நேரே பறக்கிறது. நூல் அறுந்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. என் வகுப்பில் அப்படிப்பட்ட நூலை நானே கத்தரித்துவிடுவேன், கோபித்துக்கொண்டாலும் சரி.