ரீல்ஸ் பார்த்துப் போலிஷ் பேசாதீர்கள்

போலந்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு மொழி சொல்லித் தருவது என் தொழில். போன வாரமும் ஒரு தம்பி போன் செய்தார். ரீல்ஸில் கேட்ட 'குர்வா' என்ற போலிஷ் சொல்லை, கிடங்கில் மேற்பார்வை பார்க்கும் பெண்ணின் முன்னால் சொல்லியிருக்கிறார். "எல்லாரும் சொல்றாங்களே மேடம், சும்மா 'ஐயோ' மாதிரிதானே?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

'ஐயோ' மாதிரி இல்லை. உடலை விற்பவள் என்று ஒரு பெண்ணைக் கேவலப்படுத்தும் வசை அது. போலந்துக்காரர்கள் கமா போடுவதுபோல் அதைப் பேச்சில் தூவுவது உண்மைதான். ஆனால் எங்கே? நண்பர்களோடு பீர் குடிக்கும்போது, சுத்தியல் விரலில் பட்டால். அதே ஆள் மாமியார் எதிரில் 'குர்ச்சே' என்று மாற்றிக்கொள்வார்; கோழிக்குஞ்சு என்று பொருள். எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். உங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. போதாததற்கு, கடைசி எழுத்து மாறி 'குர்வோ' என்று வந்துவிட்டால் எதிரில் இருப்பவரையே அப்படி அழைத்ததாக ஆகிவிடும்.

வளைவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது, அதை விடுங்கள். இது போலிஷும் ரஷ்யனும் சேர்ந்த ஸ்லாவிய மொழிக் குடும்பத்தின் பழைய சொல். கோழியைக் குறிக்கும் வேரோடு சேர்ந்தது என்பதே பல மொழியறிஞர்களின் கருத்து. செக், ஸ்லோவாக், செர்பியன், பல்கேரியன் எல்லாவற்றிலும் உண்டு. ஸ்லாவிய மொழிகளே அல்லாத ஹங்கேரியனும் ருமேனியனும்கூடக் கடன் வாங்கியிருக்கின்றன. ஆனால் புழக்கம் ஒன்றல்ல. செர்பியாவில் அது பெரும்பாலும் ஒரு பெண்ணை நேராகத் திட்டும் சொல். ரஷ்யர்கள் பேச்சுக்குப் பேச்சு சேர்ப்பது 'ப்ளியாத்' என்ற வேறொரு வசைச்சொல்லை. பழைய திருச்சபை நூல்களில் அந்த ரஷ்யச் சொல்லுக்குப் 'பொய்' என்று பொருள். அதன் போலிஷ் உறவுச்சொல்லான 'ப்வோந்த்' என்பதற்கோ வெறும் 'பிழை' என்றுதான் பொருள்; கணினித் திரையில் பிழைச் செய்தியிலேயே வரும்.

சட்டமும் இருக்கிறது. பொது இடத்தில் ஆபாசச் சொல் பேசினால் போலந்தின் சிறுகுற்றச் சட்டம், பிரிவு 141-இன்படி 1,500 ஸ்வோத்தி (போலந்து நாணயம்) வரை அபராதம் விழலாம். ஒருவரை நேரடியாக இழிவுபடுத்தினால் குற்றவியல் சட்டத்தின் 216-ஆம் பிரிவு பாயும்.

வேலையிடத்தில் பெண்களை 'பானி' என்றும் ஆண்களை 'பான்' என்றும் மரியாதையாக அழையுங்கள். சக ஊழியர் சிரித்துக்கொண்டே கெட்ட வார்த்தை கற்றுக்கொடுத்தால் திருப்பிச் சொல்லாதீர்கள். தயவுசெய்து, வாய் தவறி வந்துவிட்டால் உடனே 'ப்ஷெப்ராஷம்' என்று மன்னிப்புக் கேளுங்கள். "எல்லாரும் சொல்றாங்களே" என்று மட்டும் அதைக் கேட்டவரிடம் வாதாடாதீர்கள்.